ராட்டினம் கற்பிக்கும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ ஓர் உரை அமைவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு, பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனாகிய என்னை அழைத்து, பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன்படுமாறு ஏதேனும் சொல்லவேண்டும் என்று பணித்தார்கள். என்ன சொல்வது என்று பல நாள் எண்ணினேன். அப்போது, இத் தில்லி மாநகரில் ஆண்டுதோறும் தசராவை ஒட்டித் திடல்களில் வந்திறங்கும் ராட்டினங்கள் நினைவுக்கு வந்தன. எந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்களோ, அந்தப் பாடத்தின்மீதே ஏறி அமர்ந்து, கட்டணமும் கொடுத்து, கூவிக் களிக்கிறார்கள்! இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் வேறு ஏது? ஆதலால் ராட்டினத்தையே என் உரைக்குப் பொருளாகக் கொண்டேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தசராத் திருவிழாவுக்கு என் மக்கள் இருவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். சங்கிலிகளில் தொங்கும் நாற்காலிகள் சுழலச் சுழலக் குடைபோல் விரியும் ராட்டினம் ஒன்று அங்கே இருந்தது. மகன் ஏறிக்கொண்டான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. உயரம் போதவில்லை என்று ராட்டினக்காரர் தடுத்துவிட்டார். நான் அவரோடு சிறிது வாதாடியும் பார்த்தேன், அவர் இணங்கவில்லை. அவள் முகம் வாடி, என்னோடு வேலியோரம் நின்றாள். ராட்டினம் வேகம் கொண்டது. நாற்காலிகள் வெளிப்புறமாகச் சாய்ந்து உயர்ந்தன. "ஏனப்பா சாய்கிறது?" என்று கேட்டாள். பதினைந்து ஆண்டு பாடம் சொன்ன நாவன்றோ! சற்றும் தயங்காமல், "சுற்றும்போது மையவிலக்கு விசை என்று ஒன்று உண்டாகும் அம்மா, அது எல்லாவற்றையும் வெளியே தள்ளும்" என்றேன்.

அந்த வேளையில் மகனுடைய செருப்பு ஒன்று காலினின்று கழன்று பறந்தது. நாங்கள் இருவரும் அதைக் கண்டோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா, வெளியே தள்ளுகிற விசை இருந்தால் செருப்பு நடுக்கம்பத்தை விட்டு நேரே விலகி அல்லவா போயிருக்க வேண்டும்? அது அப்படிப் போகவில்லையே! அண்ணா எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தானோ அந்தப் பக்கமாகவே போயிற்றே!" என்றாள்.

"புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பேசாமல் வா, செருப்பைத் தேடலாம்" என்றேன்.

செருப்பு கிடைத்துவிட்டது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வேறு கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியது. இரவில் படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். அவள் கண்டதே உண்மை. நான் சொன்னது வாயில் ஊறிப்போன சொல். உயரம் போதாதென்று கீழே நிறுத்தப்பட்ட குழந்தை, தரையில் நின்ற காரணத்தால், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கண்டுவிட்டாள். கற்றறிந்த தந்தையாகிய நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். மறுநாட் காலையில் அவளை அழைத்து, "நீ கண்டதே சரி, நான் சொன்னது பிழை" என்று ஒப்புக்கொண்டேன்.

இன்று நான் சொல்ல வந்தது இதுவே. பிள்ளை கண்ணால் கண்டதையும் உடலால் உணர்ந்ததையும் முதலிற் கேளுங்கள். பெயரும் சூத்திரமும் பின்னர் வரட்டும். இனி, இம்முறையில் எவற்றையெல்லாம் கற்பிக்கலாம் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

அன்று காலையில் நாங்கள் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு ரப்பர்ப் பந்தைத் துணியிற் பொதிந்து, இரண்டு முழக் கயிற்றில் கட்டி, ஆளில்லாத திறந்த வெளியில் தலைக்கு மேலே சுழற்றுங்கள். கயிற்றை விடுமுன், பந்து எத்திசையிற் செல்லும் என்று பிள்ளைகளை ஊகித்துச் சொல்லச் சொல்லுங்கள். சுழன்றபடியே வளைந்து செல்லும் என்பர் சிலர். கையை விட்டு நேர் வெளியே ஓடும் என்பர் சிலர். கயிற்றை விட்டதும், அக்கணத்தில் பந்து எத்திசையிற் போய்க்கொண்டிருந்ததோ அத்திசையிலேயே பறந்து செல்வதை எல்லாரும் காண்பர். கம்பங்கொல்லையில் பரண்மீது நின்று கவண் வீசிக் குருவி ஓட்டிய நம் முன்னோர்க்கு இது தெரியாததன்று. கல் வேண்டிய திசையை நோக்கிச் செல்லும் கணத்தில் கவணின் ஒரு தலைப்பை விடுவதிலேதான் அவர்தம் திறமை இருந்தது.

ஓடும் பொருள், வேறு விசை குறுக்கிடாதவரை, அதே வேகத்தில் நேர்கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பொருளின் இவ்வியல்பை நிலைமம் என்கிறோம். 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் முதல் விதியாக வைத்தது இதனையே. நேரே ஓட முற்படுவதை இழுத்து வளைத்து வட்டத்தில் ஓடச் செய்வதற்குத்தான் விசை வேண்டும். அவ்விசை வெளிநோக்கியதன்று, நடுவை நோக்கியது. பந்துக்கு அதைக் கயிறு தருகிறது. ராட்டினத்தில் அமர்ந்தவனுக்குச் சங்கிலி தருகிறது. சங்கிலி செங்குத்தாகத் தொங்கினால் மேல்நோக்கி மட்டுமே இழுக்கும். அது சாய்ந்தால்தான் அதன் இழுப்பில் ஒரு பங்கு நடுவை நோக்கி அமையும். வேகம் மிகுந்தால் நடுநோக்கிய பங்கும் மிகவேண்டும். ஆகவே சாய்வும் மிகுகிறது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆள் அமர்ந்த நாற்காலியும் அதே வரிசையில் உள்ள வெறும் நாற்காலியும் ஏறத்தாழ ஒரே அளவிற் சாய்ந்திருக்கும். எடை மிகும்போது வேண்டிய விசையும் அதே அளவில் மிகுவதால் சாய்வு மாறுவதில்லை.

அப்படியானால், அமர்ந்திருப்பவனுக்கு யாரோ வெளியே தள்ளுவதுபோல் தோன்றுகிறதே, அது பொய்யா? பொய்யன்று. பேருந்து வளைவில் திரும்பும்போது நம் உடல் நேரே செல்ல முற்படுகிறது. பேருந்தோ நமக்கடியில் திரும்பிவிடுகிறது. உள்ளே இருந்து பார்ப்பதால் நம்மை யாரோ தள்ளியதாக உணர்கிறோம். சுழலும் இருக்கையின் பார்வையில் அப்படி ஒரு விசையைக் கொண்டு கணக்கிடுவதும் பொறியாளர்க்கு உண்டு. ஆனால் குழந்தைக்கு முதலில் தரையில் நின்று காணும் காட்சியையே காட்டவேண்டும். அக்காட்சி தெளிந்தபின் மற்றது தானே விளங்கும்.

அடுத்து ஊஞ்சல். நம் மொழியில் ஊசல் என்னும் சொல்லைப் பாருங்கள். கூடத்தில் ஆடும் பலகைக்கும் அதுவே பெயர். கடிகாரத்தில் ஆடும் குண்டுக்கும் அதுவே பெயர். திருவாசகத்தில் திருப்பொன்னூசல் என்று ஒரு பகுதி இருப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். இரண்டும் ஒரே விதிக்குட்பட்டவை என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

குடியிருப்புப் பூங்காவில் உள்ள ஊஞ்சலில் ஒரு பிள்ளையை அமர்த்தி, மெல்ல ஆட்டி, பத்து ஆட்டத்துக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். போய்த் திரும்புவது ஓர் ஆட்டம். மேற்கொக்கியிலிருந்து அமர்ந்த பிள்ளையின் வயிறு வரை இரண்டேகால் மீட்டர் இருந்தால், பத்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ 30 வினாடி ஆகும். கனத்த பிள்ளை அமர்ந்தாலும் மெலிந்த பிள்ளை அமர்ந்தாலும் நேரம் பெரும்பாலும் மாறாது. பின்னர் வீட்டுக்கு வந்து, இரண்டேகால் மீட்டரில் நாலிலொரு பங்காகிய 56 சென்டிமீட்டர் நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி ஆட்டுங்கள். பத்து ஆட்டம் 15 வினாடியில் முடிந்துவிடும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகிறது. சிறு ஆட்டங்களில் ஊசல் ஒரே கால அளவைக் காப்பதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ எடுத்துரைத்தார். 1656-இல் ஹைகன்ஸ் அதைக்கொண்டு கடிகாரம் அமைத்தார். அவர்கள் கண்டதை நம் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் தாமே காணலாம்.

ஊஞ்சல் பற்றித் தாய்மார்களுக்கும் ஒரு செய்தி உண்டு. சங்கிலியின் நீளத்தில் பாதி அளவு உயரம் இருக்கை மேலெழும்படி ஆடினால், கீழே தாழ்ந்து வரும்போது சங்கிலி தாங்கவேண்டிய பாரம், ஊஞ்சல் அசையாதிருக்கும்போது உள்ளதைப்போல் இரண்டு மடங்காகும். கூடத்திலோ மாடியிலோ ஊஞ்சல் கட்டுவோர், "பிள்ளையின் எடைதானே" என்று எண்ணிக் கொக்கியைத் தேர்ந்தெடுக்கலாகாது.

இனிப் பெரிய ராட்டினத்துக்கு வருவோம். நம் ஊர்த் திருவிழாக்களில் ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றிய மர ராட்டினங்களை இங்குள்ள முதியவர்கள் கண்டிருப்பீர்கள். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காக, ஃபெரிஸ் என்னும் பொறியாளர் ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுள்ள இரும்பு ராட்டினத்தை எழுப்பினார். அளவு பெருகிற்றே அன்றி, அதில் அமர்ந்தவரின் வயிற்றில் நிகழ்ந்தது பழைய மர ராட்டினத்தில் நிகழ்ந்ததுதான்.

அந்த உணர்ச்சிக்குக் காரணம் என்ன? ராட்டினத்துக்குப் போகுமுன் நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எடை பார்க்கும் கருவியை லிப்டின் தரையில் வைத்து அதன்மேல் பிள்ளையை நிறுத்துங்கள். லிப்ட் மேலே கிளம்பும் கணத்தில் முள் சற்று ஏறும். கீழே கிளம்பும் கணத்தில் சற்று இறங்கும். சீராக ஓடும்போது பழைய இடத்துக்கே வந்துவிடும். பிள்ளையின் உடலில் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எடையென்று நாம் உணர்வது பூமியின் இழுப்பையன்று. நம்மைத் தாங்கும் தரையோ இருக்கையோ கீழிருந்து தரும் தாங்கலைத்தான். தாங்கல் குறைந்தால் உடல் இலேசாகிறது, மிகுந்தால் கனக்கிறது.

ராட்டினம் சுழலும்போது உச்சியில் தாங்கல் குறைகிறது, அடியில் மிகுகிறது. 20 மீட்டர் விட்டமுள்ள ராட்டினம் 20 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். 30 கிலோ எடையுள்ள சிறுவன் உச்சியில் ஏறத்தாழ 27 கிலோவாகவும், அடியில் ஏறத்தாழ 33 கிலோவாகவும் தன்னை உணர்வான். இக்கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போடவேண்டியதில்லை. "எங்கே இலேசாக இருந்தது? எங்கே கனமாக இருந்தது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். விடையை அவன் உடல் முன்பே எழுதி வைத்திருக்கிறது.

மேடுபள்ளமான தண்டவாளத்தில் பாய்ந்தோடும் ரோலர் கோஸ்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான அப்பு யானையின் பெயரால், 1984-இல் பிரகதி மைதானத்தை ஒட்டித் திறக்கப்பெற்ற அப்பு கர் பூங்கா இங்குள்ள பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். 2008-இல் அது மூடப்பட்டது. "வண்டியில் என்ஜின் எங்கே இருக்கிறது?" என்று என் மாணவர்கள் அக்காலத்தில் கேட்பதுண்டு. இவ்வகை வண்டிகளிற் பலவற்றில் என்ஜின் இல்லை. மோட்டார் ஒன்று சங்கிலியால் வண்டியை முதல் மேட்டுக்கு இழுத்துச் செல்கிறது. அவ்வளவே செலவு. உயரத்திற் சேர்த்து வைத்த நிலையாற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. ஏறும்போது மீண்டும் நிலையாற்றலாகிறது. உராய்வும் காற்றும் வழியெல்லாம் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்கின்றன. ஆகவேதான், இடையில் வேறு உந்துதல் இல்லாத பாதையில், முதல் மேடே எல்லாவற்றினும் உயரமாக அமைகிறது. கையிருப்பு குறையக் குறையச் செலவைச் சுருக்கும் மாதக் கடைசிக் குடும்பத்தைப் போன்றது இவ்வண்டி.

உராய்வை விட்டுக் கணக்கிட்டால், 5 மீட்டர் இறங்கிய வண்டி மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகம் பெறும். அந்த வேகம் இரு மடங்காவதற்கு உயரம் நான்கு மடங்காகி, 20 மீட்டர் இறங்கவேண்டும்.

இக்கலையின் வரலாற்றில் நாம் கருதத்தக்க பாடம் ஒன்றுண்டு. ரஷ்யாவின் பனிச் சறுக்கு மேடுகளே இவ்வண்டிகளுக்கு மூதாதை. 1884-இல் நியூயார்க்கை ஒட்டிய கோனி தீவில் ஓடிய வண்டி, மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லச் சென்றது. 1895-இல் அங்கேயே, வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் வட்டப் பாதை ஒன்றை அமைத்தார்கள். பாதை சரியான வட்டமாக இருந்ததே தீங்காயிற்று. உச்சியில் விழாதிருக்கும் அளவுக்கே வேகம் வைத்தாலும், சரியான வட்டத்தின் அடியில் நுழையும் கணத்தில் உடலின் பாரம் ஆறு மடங்காகிவிடும். தலையின் பாரமும் ஆறு மடங்கு. கழுத்து எவ்வாறு தாங்கும்? பயணிகள் கழுத்து நோவோடு இறங்கினார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் அமைந்த வண்டியில், வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் நீர்த்துளி போன்ற வளைவைக் கணக்கிட்டு வகுத்தார்.  மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு வளைவை மாற்றியதே பயன் தந்தது.

இதனால்தான், உயரக் கோலின் முன் பிள்ளையைக் குதிகால் உயர்த்தி நிற்கச் சொல்லும் பெற்றோரைக் காணும்போது எனக்கு மனம் பதைக்கிறது. அன்று ராட்டினக்காரரோடு வாதாடிய நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே என்பதை மறைக்கவில்லை. வண்டி மேட்டின் முகட்டைக் கடந்து சட்டெனச் சரியும்போது, உடல் நேரே செல்ல முற்படும்; இருக்கையோ கீழே இறங்கிவிடும். அப்போது உடலை இருக்கையோடு பிணைப்பது மடிமேல் அமைந்த தடுப்புக் கம்பி ஒன்றே. கம்பிக்கும் உடலுக்கும் இடையே வெளி மிகுதியாக இருக்கும் சிறுபிள்ளைக்கு அக்காப்பு இல்லை. "கம்பியைத் தளர்த்தாதே" என்று அதட்டினால் பிள்ளை நாம் காணாதபோது தளர்த்துவான். முகட்டில் தன் உடல் எத்திசையிற் செல்ல முற்படுகிறது என்று அறிந்த பிள்ளை தானே இறுகப் பற்றிக்கொள்வான். அறிவியல் அறிவு மதிப்பெண்ணுக்கு மட்டும் அன்று; உயிர்க்காப்புக்கும் அதுவே.

இறுதியாக, தமிழ்ச் சங்க மேடையில் இதை ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் இயற்பியலை ஆங்கிலத்தில் கற்கிறார்கள். தெருவில் இந்தி பேசுகிறார்கள். வீட்டில் தமிழ் எதற்குப் பயன்படுகிறது? "சாப்பிடு, படி, தூங்கு" என்னும் மூன்று ஏவல்களுக்குள் அது சுருங்கிவிடுகிறது. ஏவுவதற்கு மட்டும் பயன்படும் மொழியைப் பிள்ளை நாளடைவில் விட்டுவிடும். வியப்பதற்கும் வினவுவதற்கும் பயன்படும் மொழியை எளிதில் விடாது. தமிழிற் சொன்னால்தான் அறிவியல் விளங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மையநோக்கு விசை என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அது எதை நோக்கியது என்று தனியே விளக்கவேண்டியதில்லை. அன்று என் மகள் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே இருந்தது. நான்தான் அதைக் காணவில்லை.

ஆகவே சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகின்ற தசராவில், நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் மாலை ராட்டினத் திடலுக்கு அழைத்துச் செல்வோம். ஒரு கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். ஏறுவதற்கு முன் என்ன நிகழும் என்று ஊகித்து எழுதட்டும். ஏறட்டும், களிக்கட்டும். இறங்கியபின் என்ன நிகழ்ந்தது என்று தமிழிற் சொல்லட்டும். ஊகமும் நிகழ்ச்சியும் மாறுபடுமிடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. ஏறுவதற்கு அஞ்சும் பிள்ளையையும், உயரம் போதாத பிள்ளையையும் வேலியோரம் நிறுத்திக் கவனிக்கச் சொல்லுங்கள். அவர்கள் காண்பது மற்றவர்கள் காண்பதினும் குறைந்ததன்று.

அந்தப் பெண் இன்று ஒரு மகனுக்குத் தாய். அவன் ஏதேனும் கேட்டால் அவள் உடனே விடை சொல்வதில்லை. "நீ என்ன பார்த்தாய்?" என்று முதலிற் கேட்கிறாள். நான் பதினைந்து ஆண்டு கற்பித்தும் கல்லாததை அவள் ஒரு செருப்பிலிருந்து கற்றுக்கொண்டாள். நாமும் கற்றுக்கொள்வோமாக.